மருமகன் காரும் மாமனார் எலியும்

திங்கள்சந்தைக்குக் கொஞ்சம் தள்ளி, தென்னந்தோப்பு ஓரத்தில் ஒரு ஓட்டு ஷெட். உள்ளே மஸ்கட்டில் வேலை பார்க்கும் மருமகனின் கார். ஆடிச் சாரலும் ஐப்பசி மழையும் போன பிறகும் அதன் கவரை யாரும் கழற்றவில்லை. மருமகன் வெள்ளிக்கிழமை திருவனந்தபுரத்தில் வந்து இறங்குகிறார். வேலப்பன் அண்ணாச்சி சாவியைத் திருப்பினார், வண்டி முனகக்கூட இல்லை. மெக்கானிக் ஜஸ்டினுக்கு போன் போனது.

ஜஸ்டின்: (பானெட்டைத் தூக்கிவிட்டு ஒரு எட்டு பின்னால் போய்) அண்ணாச்சி, பேட்டரி மேலே என்ன இது, வைக்கோல் போரா?

அண்ணாச்சி: வைக்கோலுக்கு நான் எங்கே போவேன் மக்கா? தேங்காய்க் கதம்பை நார் மாதிரி தெரியுது.

ஜஸ்டின்: கதம்பை நார், பானெட்டுக்கு அடியில் ஒட்டியிருந்த பஞ்சு, யாரோ ஒருத்தருடைய பச்சைச் சேலை, அப்புறம் இது என்ன காகிதம்... ‘நிகழும் மங்களகரமான’ வரைக்கும் இருக்கிறது. மீதியைக் காணோம்.

அண்ணாச்சி: ஐயோ, மாப்பிள்ளையின் கல்யாணப் பத்திரிகை! டேஷ்போர்டு பெட்டிக்குள் அல்லவா இருந்தது?

ஜஸ்டின்: அப்படியானால் வண்டிக்கு உள்ளேயும் போய்விட்டது. இந்த வயரைப் பாருங்கள், மேலே உள்ள ரப்பரை உரித்துவிட்டு செம்பை மட்டும் மிச்சம் வைத்திருக்கிறது. நல்ல வேளை பேட்டரி செத்துக் கிடந்தது. உயிரோடு இருந்து இரண்டு கம்பியும் உரசியிருந்தால் ஷெட்டோடு பற்றியிருக்கும்.

அண்ணாச்சி: வயரில் அப்படி என்னடே ருசி அதுக்கு?

ஜஸ்டின்: ருசிக்காக இல்லை அண்ணாச்சி. எலிக்கு முன்பல் சாகிற வரைக்கும் வளர்ந்துகொண்டே இருக்கும். எதையாவது கொறித்துத் தேய்த்தே ஆக வேண்டும்.

அண்ணாச்சி: முதலிலேயே சொல்லியிருந்தால் பக்கத்தில் ஒரு மரக்கட்டை போட்டிருப்பேனே!

ஜஸ்டின்: அதையும் கடித்துவிட்டு இதையும் கடித்திருக்கும்.

அண்ணாச்சி: நான் சும்மா விட்டேன் என்று நினைக்காதே. கவர் போட்டு நாலு பக்கமும் இழுத்துக் கட்டினேன்.

ஜஸ்டின்: கவர் தூசிக்குத்தான். எலிக்கு அது சௌகரியம், உள்ளே இருட்டு, பூனை கண்ணிலும் படாது. பென்சில் நுழைகிற ஓட்டை இருந்தால் சுண்டெலிக்குப் போதும். டயரில் ஏறும், ஏசிக்குக் காற்று இழுக்கிற வழியாகப் போகும், அதுவும் இல்லையென்றால் வயர் போகிற இடத்து ரப்பரைக் கடித்துத் தானே வழி பண்ணிக்கொள்ளும்.

அண்ணாச்சி: புகையிலை வைத்தேனே?

ஜஸ்டின்: (கூட்டுக்குள் குச்சியால் கிளறி) இதோ இருக்கிறது. குட்டி போடுகிற இடத்தில் மெத்தைக்கு அடியில் விரித்திருக்கிறது.

அண்ணாச்சி: திமிரைப் பார்த்தாயா! மாப்பிள்ளை ஒரு மெஷின் அனுப்பினார், நம்ம காதுக்குக் கேட்காத சத்தம் போடுமாம்.

ஜஸ்டின்: எலி ஒன்றிரண்டு நாள் யோசிக்கும், அப்புறம் பழகிப்போகும். உங்களுக்கும் கேட்காது, அது ஓடுகிறதா இல்லையா என்பதே தெரியாது. ஹோண்டா கம்பெனி மிளகாய்க் காரம் ஏற்றிய டேப் ஒன்று விற்கிறது, வயரில் சுற்றுவதற்கு. புது வயருக்கு அதைச் சுற்றிப் பார்க்கலாம்.

அண்ணாச்சி: காரமா? லேய், எங்க வீட்டு நெத்திலிக் குழம்புச் சட்டியை நக்குகிற எலிடே அது. பேசாமல் விஷம் வைத்துவிடலாம்.

ஜஸ்டின்: வேண்டவே வேண்டாம். தின்றுவிட்டு ஏசி குழாய்க்குள் போய்ச் செத்தால் டேஷ்போர்டைக் கழற்றாமல் நாற்றம் போகாது. அந்த மஞ்சள் பாஸ்பரஸ் பசைக்கு அரசாங்கமே தடை போட்டிருக்கிறது. பேரப்பிள்ளைகள் வேறு வருகிறார்கள்.

(அண்ணாச்சி வாரியலை எடுத்துக்கொண்டு வருகிறார்.)

ஜஸ்டின்: கீழே போடுங்கள் அண்ணாச்சி! காய்ந்த புழுக்கையைக் கூட்டித் தூசி கிளப்பக்கூடாது. எலி மூத்திரம் கையில் இருக்கிற காயத்தில் பட்டால் எலிக்காய்ச்சல் வந்து படுத்துவிடுவீர்கள். பிளீச்சிங் தண்ணீர் தெளித்து நன்றாக ஊறவிட்டு, கையுறையும் மாஸ்க்கும் போட்டுத் துணியால் அள்ளுங்கள்.

அண்ணாச்சி: சரிப்பா, இனிமேல் வராமல் இருக்க என்னதான் வழி?

ஜஸ்டின்: பொறிதான். கழுத்தில் அடிக்கிற பொறி. நடு ஷெட்டில் வைக்காதீர்கள், எலி சுவரை ஒட்டித்தான் ஓடும், அங்கே வையுங்கள். சுட்ட தேங்காய்த் துண்டு போதும், இல்லையென்றால் கருவாடு. காரைச் சுவரைவிட்டுத் தள்ளி நிறுத்திப் பானெட்டைத் திறந்தே போடுங்கள், வெளிச்சம் இருந்தால் கூடு கட்ட யோசிக்கும். சைலன்சர் வாயையும் காற்று இழுக்கிற வாயையும் பாத்திரம் தேய்க்கிற கம்பி நாரால் அடைத்துவிடலாம்.

அண்ணாச்சி: அடைத்துவிட்டு ஸ்டார்ட் பண்ணினால்?

ஜஸ்டின்: அதற்குத்தான் ஸ்டியரிங்கில் ஒரு சீட்டு எழுதிக் கட்டுவது. வாரம் ஒருமுறை நாரை எடுத்துவிட்டு வண்டியைச் சந்தை வரைக்கும் ஓட்டினால் இன்னும் நல்லது. எல்லாவற்றுக்கும் மேலே, தின்கிற சாமான் எதுவும் வண்டியில் இருக்கக்கூடாது, ஒரு சிப்ஸ் துண்டுகூட.

அண்ணாச்சி: சே, நான் வண்டியில் உட்கார்ந்து தண்ணீர்கூடக் குடித்ததில்லை.

ஜஸ்டின்: அதுதான் எனக்குப் புரியவில்லை. இவ்வளவு எலி சும்மா வராதே... டிக்கியைத் திறக்கட்டுமா?

அண்ணாச்சி: டிக்கியா? அதில் ஒன்றும் இல்லை. அதை விடு. டீ குடிக்கிறாயா?

(ஜஸ்டின் திறக்கிறார். மூன்று சாக்குக் கொப்பரை. ஒரு சாக்கின் மூலையில் ஓட்டை, அதன் வழியே ஒரு வால் உள்ளே இழுபடுகிறது.)

ஜஸ்டின்: அண்ணாச்சி!

அண்ணாச்சி: கத்தாதே மக்கா. வீட்டில் எலித் தொல்லை தாங்க முடியவில்லை. கொப்பரை முழுவதையும் தின்றுவிடும்போல இருந்தது. கார் என்றால் இரும்புதானே, பத்திரமாக இருக்கும் என்று...

(போன் அடிக்கிறது.)

அண்ணாச்சி: (குரலை இனிப்பாக்கி) ஆ, மாப்பிள்ளை! வண்டிதானே, ஜஸ்டின் பக்கத்திலேயே நிற்கிறான். பழைய வயரெல்லாம் உங்கள் அந்தஸ்துக்குச் சரிவராது என்று மொத்தமாகப் புதிதாக மாற்றச் சொல்லிவிட்டேன்... என்ன, வீடியோவில் காட்டவா? இங்கே சிக்னல் மோசம் மாப்பிள்ளை... பில்லா? அதை உங்கள் பெயரிலேயே போடச் சொல்லியிருக்கிறேன், வண்டி உங்களுடையது, உங்கள் கௌரவத்தில் நான் கை வைக்கக்கூடாது பாருங்கள்.

(போனை வைத்துவிட்டு, மெதுவாக)

மக்கா, இந்தச் சாக்கு மூன்றையும் வெள்ளிக்கிழமைக்குள் வேறு எங்கேயாவது மாற்ற வேண்டும். உன் ஒர்க் ஷாப்பில் எலி இல்லைதானே?