வேலை கொடுத்தாகிவிட்டது, அப்புறம்?

2017 ஜூனில் கொச்சி மெட்ரோ ஓடத் தொடங்கியபோது நாடே திரும்பிப் பார்த்த செய்தி ஒன்று உண்டு. கேரள அரசின் மகளிர் சுய உதவித் திட்டமான குடும்பஸ்ரீ மூலமாக 23 திருநர்களை (திருநங்கைகள், திருநம்பிகள் எல்லோருக்கும் பொதுவான சொல்) வேலைக்குத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். டிக்கெட் கவுன்ட்டர் முதல் துப்புரவுப் பணி வரை, அவரவர் படிப்புக்குத் தகுந்த வேலை. எல்லோரும் பாராட்டினோம். ஒரு வாரம்தான் ஆகியிருக்கும், எட்டுப் பேர் வேலையை விட்டுவிட்டார்கள் என்று அடுத்த செய்தி வந்தது. வேலை பிடிக்காமல் போகவில்லை. நகரத்தில் யாரும் அவர்களுக்கு வீடு வாடகைக்குத் தரவில்லை. லாட்ஜில் நாள் கணக்கில் தங்கினால் வாங்குகிற சம்பளம் அதற்கே சரியாகிவிடும்.

எச்.ஆர். வேலையில் இருக்கும் நண்பர்கள் "நாங்களும் திருநங்கைகளை எடுக்கப் போகிறோம்" என்று சொல்லும்போதெல்லாம் நான் இந்தக் கதையைத்தான் சொல்கிறேன். எடுங்கள், கண்டிப்பாக எடுங்கள். ஆனால் வேலைக்குச் சேர்ந்தவர் மூன்றாவது மாதமும் அந்த நாற்காலியில் இருக்கிறாரா என்பதை ஆஃபர் லெட்டர் தீர்மானிப்பதில்லை. அவருக்கு நேர் மேலே இருக்கிறாரே, அந்த டீம் லீடர், அந்த சூப்பர்வைசர், அவர்தான் தீர்மானிக்கிறார்.

திருப்பூர்ப் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். செக்கிங் பிரிவில் புதிதாக ஒரு திருநங்கை சேர்ந்திருந்தார். ஷிப்ட் முடிந்தால் கேட்டில் எல்லோரையும் சோதனை போட்டுத்தான் வெளியே விடுவார்கள். பெண்களுக்கு ஒரு வரிசை, ஆண்களுக்கு ஒரு வரிசை. பெண் செக்யூரிட்டி "நீ அந்தப் பக்கம் போ" என்றார். அந்தப் பக்கம் போனால் ஆண் செக்யூரிட்டி சிரித்துக்கொண்டே "இங்க எதுக்கு வர்றே" என்றார். பின்னால் இருநூறு பேர் நிற்கிறார்கள். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று யாரோ கத்துகிறார்கள். புதிதாகச் சேர்ந்த அந்தப் பெண் பையை மார்போடு அணைத்தபடி நடுவில் நின்றார்.

அப்போது அவருடைய லைன் சூப்பர்வைசர் அக்கா வரிசையை விட்டு வந்தார். "இந்தப் பொண்ணு என் லைன்ல வேலை செய்யுதுங்க. பொம்பளைங்க வரிசையிலதான் வரும். நாளைக்கும் அப்படித்தான். சந்தேகம்னா என்னைக் கூப்பிடுங்க" என்று பெண் செக்யூரிட்டியிடம் சொல்லிவிட்டு, அந்தப் பொண்ணுக்குப் பின்னாலேயே நின்று வெளியே வந்தார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு கேட்டில் அந்தக் கேள்வி வரவில்லை. பத்தாவது வரை படித்த அந்த அக்காவுக்கு 'இன்குளூசிவ் லீடர்ஷிப்' என்று யாரும் வகுப்பு எடுத்ததில்லை. நான் பார்த்த தலைமைகளில் அதை மிஞ்சியது இன்றுவரை கிடையாது.

மனநலம் பற்றி இப்போது எல்லா அலுவலகங்களும் பேசுகின்றன. நல்லதுதான். ஆனால் மனம் எதில் தேய்கிறது என்று பார்க்க வேண்டும். எந்தக் கழிப்பறைக்குப் போனாலும் யாராவது ஏதாவது சொல்வார்கள் என்று பயந்து, மதியம் வரை தண்ணீர் பாட்டிலையே திறக்காமல் வேலை பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். விட்டுவிட்டு வந்த பெயரை வருகைப் பதிவேட்டில் தினமும் எல்லோர் முன்னாலும் உரக்க வாசிக்கக் கேட்பவர்கள் இருக்கிறார்கள். பிறப்பில் பெண் என்று பதிவாகி ஆணாக வாழும் திருநம்பிகளின் பாடு இன்னும் மறைவானது. பணியில் சேரும்போது நடக்கும் மருத்துவப் பரிசோதனையை நினைத்தே நல்ல வேலையை வேண்டாம் என்று சொன்னவர்கள் உண்டு. எட்டு மணி நேர வேலையில் பாதித் தெம்பு தன்னைக் காத்துக்கொள்வதிலேயே போனால், மீதியில் ஒருவர் எப்படித் திறமையைக் காட்டுவார்? அப்புறம் 'பெர்ஃபாமன்ஸ் சரியில்லை' என்று அப்ரைசலில் எழுதுகிறோம்.

பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். ஆதாரில், பி.எஃப்.பில் பெயர் மாற மாவட்ட ஆட்சியரிடம் சான்றிதழ் வாங்க வேண்டும், அலைய வேண்டும், மாதங்கள் ஆகும். ஆனால் ஐடி கார்டில், மின்னஞ்சலில், வாட்ஸப் குழுவில், நேரில் கூப்பிடும்போது அவர் சொல்கிற பெயரைப் பயன்படுத்த எந்தச் சான்றிதழும் வேண்டாம். மேலாளர் இன்றைக்கே செய்யலாம். "சிஸ்டத்தில் அப்படித்தான் இருக்கு" என்று சொல்லித் தட்டிக்கழிப்பதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

சட்டம் இல்லாமலும் இல்லை. 2014-இல் நால்சா (தேசிய சட்டப் பணிகள் ஆணையம்) தொடுத்த வழக்கில், தன் பாலினத்தைத் தானே சொல்லிக்கொள்ளும் உரிமை திருநர்களுக்கு உண்டு என்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. 2019-இன் திருநர் பாதுகாப்புச் சட்டம் ஒவ்வொரு நிறுவனமும் ஒரு புகார் அலுவலரை நியமிக்க வேண்டும் என்கிறது. 2020-இன் விதிகள் சமவாய்ப்புக் கொள்கையை வெளியிடச் சொல்கின்றன, பாலினப் பொதுக் கழிப்பறை போன்ற வசதிகளையும் குறிப்பிடுகின்றன. உங்கள் நிறுவனத்தில் அந்தப் புகார் அலுவலர் யார் என்று கேட்டுப் பாருங்கள். சேலத்தைச் சேர்ந்த திருநங்கை பிரித்திகா யாஷினி காவல் உதவி ஆய்வாளர் ஆவதற்குச் சென்னை உயர் நீதிமன்றப் படியேறித்தான் ஆக வேண்டியிருந்தது. வேலைக்கு ஆசைப்படும் ஒவ்வொருவரும் நீதிமன்றம் போய்க்கொண்டிருக்க முடியுமா?

பதவியில் இருப்பவர்கள் பலர் "எனக்கு இதெல்லாம் புரியாதுங்க" என்கிறார்கள். அதைத் தவறாக நினைக்கவில்லை. புரியாததைக் கற்றுக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். 2021-இல் மதுரையிலிருந்து சென்னைக்கு வந்து பாதுகாப்புக் கேட்ட, ஒருவரையொருவர் காதலித்த இரண்டு பெண்களின் வழக்கு சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் முன் வந்தது. தனக்கு இந்த விஷயத்தில் தெளிவு போதவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, உளவியலாளர் ஒருவரிடம் தானே போய் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே அந்த ஜூன் மாதம் விரிவான உத்தரவு எழுதினார். உயர் நீதிமன்ற நீதிபதியே அப்படி உட்காரலாம் என்றால் ஒரு புராஜெக்ட் மேனேஜருக்கு என்ன தடை?

ஒரு எச்சரிக்கை. கற்றுக்கொள்கிறேன் என்று புதிதாக வந்தவரையே பாடப்புத்தகம் ஆக்கிவிடாதீர்கள். ஆபரேஷன் ஆச்சா, வீட்டில் ஏற்றுக்கொண்டார்களா என்று டீ இடைவேளையில் கேட்பது அக்கறை ஆகாது. மகளிர் தினத்துக்கு மேடையேற்றிக் கதை சொல்லச் சொல்வதும் அவர் விரும்பினால் மட்டுமே. அவர் கணக்குப் பார்க்க வந்திருந்தால் கணக்கைப் பற்றிப் பேசுங்கள்.

கொச்சியில் இடறிய இடம் வீடு. அதனால் ஆள் எடுக்கும் நிறுவனங்களுக்கு நான் கேட்பது இது: வீட்டு உரிமையாளரிடம் அவரைத் தனியாக அனுப்பாதீர்கள். வாடகை ஒப்பந்தத்தை முதல் வருடத்துக்கு நிறுவனத்தின் பெயரில் போடுங்கள். வெளியூரிலிருந்து வரும் பெரிய அதிகாரிகளுக்கு இதைச் செய்து கொடுக்கிற நிறுவனங்கள்தானே, செக்கிங் பிரிவில் சேருகிறவருக்கும் செய்து கொடுக்கட்டும்.