வளவில் கேட்பதும் அரங்கில் கேட்பதும்

வீட்டில் தரமான ஒலிபெருக்கி இருந்தால் ஜாஸ் (மேடையிலேயே கற்பனையாக விரித்து வாசிக்கும் மேற்கத்திய இசை) கச்சேரிக்கு நேரில் போக வேண்டியதில்லை என்னும் கட்டுரையாளரின் கருத்தில் பாதியைத்தான் என்னால் ஏற்க முடிகிறது. காரைக்குடிப் பக்கம் இவ்வகை இசை நேரில் வாய்ப்பது அரிது என்பதால், எங்கள் பழைய வீட்டின் வளவில் (முற்றத்தைச் சுற்றிய உள்பகுதியில்), ஆயாவின் (பாட்டியின்) தூக்கம் கலையாத அளவுக்கு ஒலியைக் குறைத்து, பதிவுகளைக் கேட்டே பழகியவன் நான். 1975 ஜனவரி 24 அன்று ஜெர்மனியின் கொலோன் நகரில் அமெரிக்க ஜாஸ் பியானோ கலைஞர் கீத் ஜாரெட், குறைபாடுள்ள ஒரு சிறிய பியானோவில், முன்கூட்டி எழுதி வைக்காமல் ஒரு மணி நேரத்துக்கும் மேலாக வாசித்ததை அப்படித்தான் கேட்டேன். பத்தாவது முறை கேட்கும்போது அடுத்த திருப்பம் எனக்கு மனப்பாடமாகிவிட்டது. வாசித்த இரவில் அது அவருக்கே தெரிந்திருக்காது.

சென்னையில் ஒருமுறை ஒரு சிறு அரங்கில், டபுள் பாஸ் (ஆளுயரத் தந்தி வாத்தியம்) கலைஞர் தாளத்தை விட்டு வெகுதூரம் விலகிப் போய், டிரம்ஸ் கலைஞரை நிமிர்ந்து பார்த்த அந்த நொடியில் நாங்கள் அனைவரும் மூச்சடக்கி இருந்தோம். கல்யாண வீட்டு முகப்பில் தவில் நெஞ்சில் அதிர்வதைப் போலவே அந்தத் தடித்த தந்தியின் அதிர்வும் நாற்காலி வழியே உடம்பில் ஏறியது.

இசை என்பதன் வழக்கமான எல்லைகளையே சோதித்துப் பார்க்கும் சோதனை இசையில், நேரில் கேட்பதற்கும் பதிவில் கேட்பதற்கும் உள்ள இந்த இடைவெளி இன்னும் பெரிது. 1952இல் அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் கேஜ் அமைத்த, ஒரு சுரமும் வாசிக்கப்படாத 4 நிமிடம் 33 வினாடிப் படைப்பில் அரங்கின் ஓசைகளே இசை; எங்கள் வீட்டில் அதை ஒலிக்க விட்டால் முற்றத்துப் புறாக்களின் சத்தம்தான் கேட்கும் (கேஜ் அதற்கும் மகிழ்ந்திருப்பார்). ஆத்தங்குடி ஓடு பதித்த தரையிலும் வழவழப்பான சுண்ணாம்புச் சுவரிலும் எதிரொலித்து ஒலி குழம்புவதால், இப்போது கோரைப்பாய் விரித்துத்தான் கேட்கிறேன்.