அந்த மெயிலைப் பார்த்துச் சிரித்தவர்களுக்கு

இரண்டு நாளாக டைம்லைன் முழுக்க அந்த ஸ்கிரீன்ஷாட்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. பிஎச்டி இடம் கேட்டு ஒரு மாணவர் அனுப்பிய மெயிலை, ஒரு உயிரியல் பேராசிரியர் படம்பிடித்துக் கேலி செய்து போட்டது. எல்லோரும் பார்த்துவிட்டீர்கள், அதனால் மறுபடி பகிரவில்லை. பேராசிரியரின் பெயரையும் எழுதப்போவதில்லை. எழுதினால் பேச்சு அவரைச் சுற்றியே போய்விடும். எனக்குக் கோபம் அவர் ஒருவர் மேல் மட்டுமில்லை. கீழே வந்து ஹாஹா போட்டவர்களில் என் நட்புப் பட்டியலில் இருப்பவர்களும் உண்டு. அதிலும் சிலர் உயிரியலில் பிஎச்டி வாங்கியவர்கள்.

மாணவரின் பெயர் மேல் பேராசிரியர் கறுப்புப் பட்டை போட்டிருக்கிறார். பெரிய மனது. ஆனால் எம்எஸ்சி ப்ராஜெக்ட்டின் தலைப்பு முழுதாகத் தெரிகிறது. அதை வைத்து ஆள் யாரென்று கண்டுபிடிக்க வகுப்புத் தோழர்களுக்கு ஒரு நிமிடம் போதும்.

சரி, அந்த மெயிலில் என்னதான் குற்றம்? பேராசிரியரின் பெயர் மட்டும் வேறு எழுத்துருவில் இருக்கிறது, அதாவது மாணவர் வெட்டி ஒட்டியிருக்கிறார். உங்கள் ஆய்வு என்னை மிகவும் கவர்ந்தது என்கிறார், எந்த ஆய்வு என்று சொல்லவில்லை. கடைசியில் உங்கள் லேபில் பிஎச்டி இடம் இருக்கிறதா என்று கேட்கிறார். அவ்வளவுதான். அதற்கு மேலே பேராசிரியர் எழுதிய வரிதான் என்னை இதை எழுத வைத்தது. எங்கள் துறையில் மாணவர்களை எடுப்பது கமிட்டி, தனிப்பட்ட பேராசிரியர் இல்லை, இதுகூடத் தெரியாமல் பிஎச்டி பண்ண வருகிறார்கள் என்கிறார்.

இதுகூடத் தெரியாமல். எப்படித் தெரியும்? யார் சொன்னார்கள்?

இந்த உலகத்துக்கு வெளியே இருப்பவர்களுக்காகக் கொஞ்சம் விளக்குகிறேன். அமெரிக்காவில் மூலக்கூறு உயிரியல், செல் உயிரியல், மரபியல், நோயெதிர்ப்பியல் பக்கமெல்லாம் பல துறைகள் ஒன்றுசேர்ந்து பொதுவாக விண்ணப்பம் வாங்குவது வழக்கம். தேர்வு செய்வது கமிட்டி. சேர்ந்த முதல் வருடம் ரொட்டேஷன், பெரும்பாலும் மூன்று லேப், ஒவ்வொன்றிலும் சில வாரங்கள். லேப் உங்களுக்குப் பிடித்து, அவர்களுக்கு உங்களைப் பிடித்து, அங்கே பணமும் இருந்தால் கைடு அமைவார். இந்த முறையில் முன்கூட்டியே ஒருவருக்கு மெயில் போட்டு இடம் கேட்பதில் பெரிய பயன் இல்லை. அந்தப் பேராசிரியர் சொன்னது அவருடைய துறைக்கு உண்மைதான்.

அதே பல்கலைக்கழகத்தில் நாலு கட்டடம் தள்ளி சூழலியல், பரிணாம உயிரியல் துறை இருக்கும். அங்கே கதையே வேறு. பெரும்பாலும் ஒரு பேராசிரியர் முன்வந்து, இவரை நான் எடுத்துக்கொள்கிறேன் என்று சொன்னால்தான் விண்ணப்பம் நகரும். கடைசித் தேதி டிசம்பர் என்றால் செப்டம்பர், அக்டோபரிலேயே எழுதிப் பேசி வைத்திருக்க வேண்டும். எழுதாதவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் அவருக்காகப் பேச உள்ளே ஆள் இருக்காது. கட்டிய கட்டணமும் திரும்ப வராது. விண்ணப்பிக்கும் போர்ட்டல் ஒன்றுதான், பல்கலைக்கழகத்தின் பெயர் ஒன்றுதான். ஒரு கட்டடத்தில் கட்டாயமான மெயில் இன்னொரு கட்டடத்தில் கேலிப்பொருள்.

ஐரோப்பாவுக்குப் போனால் இன்னும் வேடிக்கை. ஜெர்மனியில் மாக்ஸ் பிளாங்க் சங்கம் என்ற ஆராய்ச்சி அமைப்பு 2000 முதல் நடத்திவரும் சர்வதேச ஆய்வுப் பள்ளிகளுக்கு போர்ட்டல் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். அதே நாட்டில் எத்தனையோ லேப்கள் வேலைக்கு ஆள் எடுப்பதுபோல விளம்பரம் போட்டு, பேராசிரியரே நேரில் பார்த்து எடுத்துக்கொள்ளும். அங்கெல்லாம் பொதுவாக முதுகலைப் பட்டம் கேட்பார்கள். அமெரிக்காவில் இளங்கலையோடே நேராக பிஎச்டிக்குப் போகலாம். கிரெப்ஸ் சுழற்சியைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிக்கிற பிள்ளைக்கு இதையெல்லாம் எந்தப் பாடத்தில் யார் நடத்தினார்கள்?

'எல்லாம் வெப்சைட்டில் போட்டிருக்கிறார்களே, படிக்க வேண்டியதுதானே' என்று இப்போதே ஒருவர் டைப் அடிக்க ஆரம்பித்திருப்பார். நானும் படித்திருக்கிறேன் ஐயா. பேராசிரியர்களைத் தொடர்புகொள்வது வரவேற்கப்படுகிறது, ஆனால் கட்டாயமில்லை என்று போட்டிருக்கும். இதற்கு என்ன அர்த்தம்? எழுதினால் நல்லதா, தொந்தரவா? எழுதாவிட்டால் ஆர்வமில்லை என்று எடுத்துக்கொள்வார்களா? விண்ணப்பங்கள் முழுமையாகப் பரிசீலிக்கப்படும் என்று இன்னொரு வரி. அதைப் படித்து ஒரு முடிவுக்கு வந்தவர் யாராவது உண்டா? அந்தப் பக்கத்தை எழுதியவர்கள், ஏற்கனவே விஷயம் தெரிந்தவர்களுக்குப் புரிகிற மாதிரி எழுதியிருக்கிறார்கள். வீட்டிலோ சொந்தத்திலோ ஒரு விஞ்ஞானி இருந்தால் அவரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். இல்லாதவர் இருட்டில் பத்து கதவைத் தட்டுவார். பத்தையும் தட்டினான் பார் என்று நீங்கள் சிரிப்பீர்கள்.

நான் பிஎச்டி படித்தபோது இன்டர்வியூவுக்கு வருகிற மாணவர்களுக்குத் துணையாக எங்களைப் போன்ற சீனியர்களை அனுப்புவார்கள். சாப்பாட்டு மேஜையில் பேராசிரியர்கள் மனம் விட்டுப் பேசுவார்கள், நாங்கள் பக்கத்தில் இருப்பதையே மறந்துவிடுவார்கள். ஒருவர் ஒரு பெண்ணைப் பற்றி, என் லேபில் சேர ஆசை என்று விண்ணப்பக் கட்டுரையில் எழுதியிருக்கிறாள், ஆனால் எனக்கு ஒரு மெயில்கூடப் போடவில்லை, உண்மையான ஆர்வம் இருக்கிற மாதிரித் தெரியவில்லை என்றார். எதிரே உட்கார்ந்திருந்தவர் இன்னொரு பையனைப் பற்றி, மெயில் மேல் மெயிலாகப் போட்டு உயிரை வாங்குகிறான் என்றார். ஒரே மேஜை, ஒரே ப்ரோகிராம். இருவரும் கமிட்டியில் இருந்தவர்கள்! இரண்டு பேச்சுக்கும் மேஜையில் இருந்த எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. ஏனென்றால் அந்தப் பெண் அப்போது அடுத்த மேஜையில் உட்கார்ந்து, தான் சரியாகப் பேசினோமா என்று இன்னொரு மாணவரிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

அவருக்கு இடம் கிடைக்கவில்லை. அதனால்தானா என்று எனக்குத் தெரியாது. அப்படிச் சொல்லவும் மாட்டேன்.

'எழுத்துருவையாவது சரிசெய்து அனுப்பியிருக்கலாமே' என்பவர்களுக்கு: அனுப்பியிருக்கலாம். அப்புறம்?

'எங்களுக்கு இப்படித் தினமும் மெயில் வருகிறது, எல்லாவற்றுக்கும் பதில் போட முடியுமா' என்பது அடுத்தது. முடியாது. யாரும் கேட்கவுமில்லை. பதில் போடாமல் விட்டிருந்தால் இந்தப் பதிவே இல்லை. ஆனால் பதில் போட நேரமில்லாத ஒருவருக்கு அதைப் படம்பிடிக்க, பட்டை போட, தலைப்பு யோசிக்க, ஒவ்வொரு கமெண்டுக்கும் இதயம் போட நேரம் எப்படி வந்தது? எங்கள் துறையில் கமிட்டி வழியாகத்தான் சேர்க்கை, போர்ட்டலில் விண்ணப்பியுங்கள் என்று ஒரு வரியைச் சேமித்து வைத்து அனுப்பினால் அதைவிடக் குறைந்த நேரம்தான் ஆகும். அப்படி அனுப்புகிற பேராசிரியர்கள் இருக்கிறார்கள். எனக்கே ஒருவர் அனுப்பினார். அந்த ஒரு வரியில் தெரிந்துகொண்டதை நான் மூன்று வருடப் பட்டப்படிப்பில் கேள்விப்பட்டதே இல்லை.

இன்னொரு கூட்டம் இருக்கிறது, அறிவுரைக் கூட்டம். ஒழுங்காக எழுதினால் ஒழுங்காகப் பதில் வரும், இதில் என்ன அநியாயம் என்பார்கள். அமெரிக்காவில் மில்க்மன், அக்கினோலா, சக் என்ற மூன்று ஆய்வாளர்கள் இதைச் சோதித்தே பார்த்துவிட்டார்கள். 259 பல்கலைக்கழகங்களில் 6,500-க்கும் மேற்பட்ட பேராசிரியர்களுக்கு, பிஎச்டி பற்றிப் பேச விரும்பும் மாணவர் எழுதுவதுபோல ஒரே மெயிலை அனுப்பினார்கள். வார்த்தை மாறவில்லை, பெயர் மட்டும் மாறியது. வெள்ளையின ஆண் பெயருக்குக் கிடைத்த பதில்கள் மற்றவர்களுக்குக் கிடைத்ததைவிட அதிகம். மற்றவர்கள் என்றால் பெண்கள், கறுப்பினத்தவர், ஹிஸ்பானியர், சீனர், இந்தியர். இது உயிரியலுக்கு மட்டும் எடுத்த கணக்கில்லை, எல்லாத் துறையையும் சேர்த்துத்தான். இருந்தாலும் ஒழுங்காக எழுதுங்கள் என்று சொல்கிறவர்கள் இதையும் சேர்த்துச் சொல்லலாம். 2015-ல் வெளியான ஆய்வு, புதிய செய்திகூட இல்லை.

இதோடு பணத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் உயிரிமருத்துவ மாணவர்களுக்கு என்ஐஹெச் என்ற அரசு மருத்துவ ஆராய்ச்சி அமைப்பு தருகிற பயிற்சி மானியங்கள் அந்நாட்டுக் குடிமக்களுக்கும் நிரந்தரக் குடியிருப்பு உரிமை உள்ளவர்களுக்கும் மட்டும்தான். வெளிநாட்டு மாணவருக்கு வேறு பணம் தேட வேண்டும், அதனால் அவர்களுக்கான இடங்களும் குறைவு. இதை விண்ணப்பக் கட்டணம் வாங்கும் பக்கத்தில் பெரிய எழுத்தில் போட்ட ப்ரோகிராமை நான் பார்த்ததில்லை. 2025 மார்ச்சில் நிதி நிலைமை தெரியாமல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் சான் மருத்துவப் பள்ளி, உயிரிமருத்துவ பிஎச்டிக்கு ஏற்கனவே கொடுத்த அனுமதியையே திரும்பப் பெற்றது. கையில் வந்த இடமே போகிற காலத்தில் ஒருவர் கண்ணில் பட்ட லேபுக்கெல்லாம் எழுதுகிறார் என்றால் அதில் சிரிக்க என்ன இருக்கிறது?

இப்போது ஜிஆர்இ என்ற நுழைவுத் தேர்வை நீக்கியாகிவிட்டது, எல்லாம் சமமாகிவிட்டது என்றும் ஒருவர் எழுதியிருந்தார். நீக்கியது நல்லதுதான். 2017-ல் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்திலிருந்தும் சாப்பல் ஹில்லில் உள்ள வட கரோலினா பல்கலைக்கழகத்திலிருந்தும் வந்த இரண்டு ஆய்வுகள், உயிரிமருத்துவ பிஎச்டியில் ஒருவர் பின்னால் எத்தனை பேப்பர் எழுதுவார் என்பதற்கும் ஜிஆர்இ மதிப்பெண்ணுக்கும் சம்பந்தமில்லை என்று காட்டின. அப்புறம் பல ப்ரோகிராம்கள் அதைக் கைவிட்டன. உயிரியலுக்கான ஜிஆர்இ பாடத் தேர்வே 2021-ல் நின்றுபோனது. ஆனால் அதை நீக்கிய இடத்தில் என்ன வந்தது? வட கரோலினா ஆய்வில் பின்னால் எழுதிய பேப்பர்களோடு கொஞ்சமாவது ஒத்துப்போனது பரிந்துரைக் கடிதங்களின் மதிப்பீடு. ஆக, லெட்டர் முக்கியம், லேப் அனுபவம் முக்கியம். சரி, இந்த இரண்டும் யாருக்குக் கிடைக்கின்றன?

எனக்கு லெட்டர் கேட்டபோது என் பேராசிரியர் சொன்னது: நீயே எழுதிக்கொண்டு வா, கையெழுத்துப் போடுகிறேன். இருபத்திச் சொச்சம் வயதில், என்னைப் பற்றி என் ஆசிரியர் என்ன நினைக்கிறார் என்று நானே கற்பனை செய்து எழுதினேன். கூச்சத்தில் 'நன்றாக உழைப்பார்' என்பதற்கு மேல் எழுத வரவில்லை. அந்தப் பக்கம் வேறொரு மாணவருக்காக, எங்கள் லேபில் இந்தப் பத்து வருடத்தில் இவர்தான் சிறந்தவர், இந்த சோதனை மூன்று முறை தோற்றபின் இவர்தான் காரணத்தைக் கண்டுபிடித்தார் என்று யாரோ உட்கார்ந்து எழுதியிருப்பார்கள். கமிட்டி இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் படிக்கும். நான் சுமாரான மாணவர் என்று முடிவெடுக்கும். என்னைப் பற்றி அந்த லெட்டர் சொன்னதைவிட என் துறையைப் பற்றி அது சொன்னதுதான் அதிகம். ஆனால் அப்படிப் படிக்க கமிட்டிக்கு யார் சொல்லிக்கொடுப்பார்கள்?

இதைச் சொன்னால், 'நாங்களும் இப்படிக் கஷ்டப்பட்டுத்தான் வந்தோம்' என்று ஒரு நெருங்கிய நண்பர் நேற்று எழுதினார். அதைத்தான் ஜீரணிக்க முடியவில்லை. நண்பரே, நீங்கள் அனுப்பிய முதல் மெயில்களை நான் படித்திருக்கிறேன். நீங்கள்தான் காட்டினீர்கள். யாரும் பதில் போடவில்லை என்று ராத்திரி பதினொரு மணிக்கு போன் செய்து புலம்பியதும் நீங்கள்தான். அன்று அதில் ஒன்றை யாராவது ஊருக்குக் காட்டிச் சிரித்திருந்தால் நீங்கள் இன்று இந்த லேபில் இருப்பீர்களா? கஷ்டப்பட்டு வந்தவர்களுக்கு அந்தக் கஷ்டம் ஞாபகம் இருக்கும் என்று நம்பினேன். கமிட்டி, ரொட்டேஷன், ஃபண்டிங் என்று உள்ளே போனதும் எல்லோரும் பிறக்கும்போதே இதெல்லாம் தெரிந்து பிறந்த மாதிரி ஆகிவிடுகிறீர்கள்.

நான் பேராசிரியர்களுக்கு எதிரி இல்லை, கமெண்டில் அதை ஆரம்பிக்காதீர்கள். மானியம் எழுதி, பாடம் எடுத்து, பேப்பர் திருத்தி அவர்கள் படும் பாடு எனக்குத் தெரியும். எந்திரம் எழுதிக்கொடுத்த மெயில்கள் இப்போது குவிகின்றன என்பதும் தெரியும். (இந்த மெயில் அப்படிப்பட்டதில்லை என்று பார்த்தாலே தெரிகிறது. எந்திரம் எழுதியிருந்தால் எழுத்துரு சரியாக இருந்திருக்கும்.)

அந்த மாணவர் இதைப் படிப்பாரா தெரியாது. படித்தால்: சூழலியல் பக்கம் என்றால் எழுதுவதை நிறுத்தாதீர்கள், அங்கே எழுதித்தான் ஆகவேண்டும். அவர்களின் ஒரு பேப்பரைப் படித்து, அதில் உங்களுக்குப் புரியாத ஒரு இடத்தைக் கேளுங்கள். மூலக்கூறு உயிரியல் பக்கம் ரொட்டேஷன் இருக்கிற ப்ரோகிராம் என்றால் அந்த நேரத்தை உங்கள் கட்டுரைக்குச் செலவிடுங்கள், அதில் மூன்று நான்கு லேப்களைக் காரணத்தோடு குறிப்பிடுங்கள். கட்டணம் கட்ட முடியாவிட்டால் விலக்குக் கேட்டு அலுவலகத்துக்கு எழுதுங்கள். பல இடங்களில் கொடுக்கிறார்கள், கேட்டால்தான் கொடுக்கிறார்கள். கட்டுரையை யாரிடம் காட்டுவது என்று தெரியாவிட்டால் எனக்கு இன்பாக்ஸில் அனுப்புங்கள், படித்துச் சொல்கிறேன்.

மற்றவர்கள் தாராளமாகச் சண்டைக்கு வரலாம். வருவதற்கு முன் உங்கள் லேப் பக்கத்தைத் திறந்து, இந்த வருடம் பிஎச்டி மாணவர் எடுக்கிறீர்களா, எடுக்கிறீர்கள் என்றால் முதலில் உங்களுக்கு எழுத வேண்டுமா வேண்டாமா என்று இரண்டு வரி போட்டுவிட்டு வாருங்கள். போட்டவர்களின் கமெண்டுக்கு மட்டும் பதில் சொல்வதாக இருக்கிறேன்.