பட்டமும் நூலும்

ஆகஸ்ட் 11 வந்தால் புதுக்கடையில் தியாகிகள் தூணுக்கு மாலை விழும். குமரி தமிழ்நாட்டோடு சேர்ந்த நவம்பர் 1 வந்தால் நாகர்கோவிலில் இணைப்புப் போராட்டத் தலைவர் நேசமணிக்கு விழும். சரி, விழட்டும். ரெண்டு நாளிலும் நான் கேட்ட மேடைப் பேச்சுகளில் வராத பெயர் ஒன்று உண்டு: சோஷலிஸ்ட் தலைவர் ராம் மனோகர் லோகியா.

1954இல் குமரிக்காரர்களான நாம் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தோம். தேர்தலில் காங்கிரசுக்கு 45 இடம், பட்டம் தாணுபிள்ளையின் பிரஜா சோஷலிஸ்ட் கட்சிக்கு வெறும் 19. ஆனாலும் மார்ச்சில் முதலமைச்சர் ஆனது பட்டம்தான். கம்யூனிஸ்டுகள் வந்துவிடக் கூடாதென்று காங்கிரஸ் வெளியில் நின்று முட்டுக்கொடுத்தது. எங்க பாட்டா இதைச் சொல்லிச் சிரிப்பார்: "பட்டம் மேல பறந்துது, நூலு காங்கிரஸ்காரன் கையில கெடந்துது."

தமிழ்த் தாலுகாக்களைச் சென்னை மாநிலத்தோடு சேர்க்கச் சொல்லி நேசமணியின் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் என்ற தனிக் கட்சி போராடியது. ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டது. பாட்டா அன்று மார்த்தாண்டத்துத் தொடுவெட்டிச் சந்தையில் வாழைக்குலையைப் போட்டது போட்டபடி குழித்துறை ஆற்றுப் பக்கம் ஓடியவர். செருப்பு போன கதையைத்தான் அதிகம் சொல்வார். செத்தவர்களைப் பற்றிக் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார்.

லோகியா பட்டத்தின் பிரஜா சோஷலிஸ்ட் கட்சிக்குப் பொதுச்செயலாளர். அப்போது வடக்கே சிறையில் இருந்தார். அங்கிருந்தே தன் சொந்தக் கட்சி ஆட்சியை ராஜினாமா செய்யச் சொன்னார். எதிர்க்கட்சி சுட்டால் கண்டிக்க யாராலும் முடியும், அதற்குத் தனித் துணிச்சல் வேண்டாம். பட்டம் கேட்கவில்லை, கட்சித் தலைமையும் அவரைக் கைவிடவில்லை. பொறுப்பை விட்டுப் போனது லோகியாதான்.

குண்டுகள்தான் ஆட்சியைக் கவிழ்த்தன என்று நம்மூரில் பெருமையாகச் சொல்கிறோம். எனக்கு அதில் பாதிதான் ஒப்புதல். ஆறு மாதம் நாற்காலி அசையவே இல்லையே! 1955 பிப்ரவரியில் காங்கிரஸ் கையை எடுத்தது, ஆட்சி விழுந்தது, காங்கிரசின் பனம்பிள்ளி கோவிந்த மேனன் முதலமைச்சர் ஆனார். பதினொரு மாதக் கணக்கு அப்படி முடிந்தது. வெட்கப்பட்டு இறங்கியிருந்தால் அது வேறு கதை.

பட்டம் 1960இல் கேரளத்துக்கே முதலமைச்சராகத் திரும்பினார். 1962இல் அவரைப் பஞ்சாப் ஆளுநராக்கி அனுப்பினார்கள். அந்தச் செய்தியைக் கேட்டுப் பாட்டா சொன்னாராம்: "நூல விட்டுப் பாத்தான், பஞ்சாப் வரைக்கும் போயிட்டுதாக்கும்."