அப்பாவின் அறிக்கையும் மகனின் பட்டியலும்

சான் ஹோசேயில் எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும் ஒரு நாள் பிக் பேசின் என்ற மாநிலப் பூங்காவுக்கு அழைத்துப் போவது வழக்கம். போன மாதம் வந்த சித்தப்பா, 2020 தீயில் கருகியும் பச்சை விட்டு நிற்கும் ரெட்வுட் மரங்களை அண்ணாந்து பார்த்துவிட்டு, "வெள்ளைக்காரன் இயற்கையை எப்படி மதிக்கிறான் பார்" என்றார். பெரியவர். மறுத்துப் பேச மனம் வரவில்லை. அங்கே விழுங்கியதை இங்கே எழுதுகிறேன். (ரெட்வுட்டைச் செம்மரம் என்று எழுதலாம்தான், படிப்பவர்களுக்கு ஆந்திரக் காடும் கடத்தல் லாரியும் நினைவுக்கு வந்துவிடும்.)

கலிபோர்னியாவின் மாநிலப் பூங்காக் கதை ஒரு தோல்வியில் தொடங்குகிறது. 1864 ஜூன் 30 அன்று, உள்நாட்டுப் போருக்கு நடுவே, லிங்கன் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். யோசெமிட்டி பள்ளத்தாக்கும் மாரிபோசா மரத்தோப்பும் மாநிலத்தின் பொறுப்புக்கு வந்தன. எக்காலத்துக்கும் கைமாற்றக் கூடாது, மக்களின் பொழுதுபோக்குக்கே பயன்பட வேண்டும் என்று நிபந்தனை. பள்ளத்தாக்கின் பூர்வகுடிகளான அவாநீச்சி மக்களை 1851இல் துப்பாக்கியோடு போன படை விரட்டி, அவர்கள் சேர்த்து வைத்திருந்த உணவையும் எரித்திருந்தது. அந்தச் சட்டம் சொன்ன 'மக்களில்' அவர்கள் கிடையாது.

நிலத்தைக் கொடுத்தார்கள், பராமரிக்கப் பணம் கொடுக்கவில்லை. குத்தகை வருமானத்தை வைத்துச் சமாளித்துக்கொள் என்பதுதான் ஏற்பாடு. நிர்வாகக் குழுவின் தலைமை பிரடெரிக் லா ஓம்ஸ்டெட்டிடம் வந்தது. நியூயார்க் சென்ட்ரல் பூங்காவை வடிவமைத்தவர். அப்போது பிழைப்புக்காக மாரிபோசாவில் தங்கச் சுரங்க நிர்வாகம் பார்த்துக்கொண்டிருந்தார். 1865 ஆகஸ்டில், அந்தப் பள்ளத்தாக்கிலேயே உட்கார்ந்து, ஓர் அறிக்கையை வாசித்தார். அழகான இடங்களைச் சும்மா விட்டால் பணக்காரர்கள் வளைத்துக்கொள்வார்கள், சாதாரண மனிதனுக்காக அவற்றைக் காப்பது அரசின் கடமை என்பது அதன் சாரம். கூடவே 37,000 டாலர் கேட்டார். அதில் பெரும்பகுதி சாலைக்கு. அவர் நியூயார்க் திரும்பியதும் குழுவினர் சிலர் அறிக்கையை அமுக்கிவிட்டார்கள். அது சட்டமன்றத்தை எட்டவே இல்லை.

பிறகு நடந்ததுதான் என்னைக் கோபப்படுத்துகிறது. 1866இல் கேலன் கிளார்க் என்பவர் பள்ளத்தாக்குக்கும் தோப்புக்கும் காவலரானார். ஆண்டுக்கு 500 டாலர் சம்பளம். பள்ளத்தாக்கில் ஏற்கெனவே குடியேறியிருந்தவர்கள் நிலம் தங்களுடையது என்று உச்ச நீதிமன்றம் வரை போய்த் தோற்றார்கள். தோற்றவர்களையும் வெளியேற்ற 1874இல் மாநிலம் 60,000 டாலர் ஒதுக்க வேண்டியிருந்தது. ஓம்ஸ்டெட் கேட்டதைவிட அதிகம்! 1881இல் மாரிபோசா தோப்பில் ஒரு பெருமரத்தின் அடியைக் குடைந்து வண்டிப்பாதை போட்டார்கள், சுற்றுலாக்காரர்கள் ரசிக்க. அந்த மரம் 1969இல் சாய்ந்தது. 1906இல் யோசெமிட்டியே மத்திய அரசிடம் திரும்பிப் போய்விட்டது.

இதற்கிடையே பிக் பேசின். சித்தப்பா நின்ற இடம் யாருடைய மதிப்பாலும் பிழைக்கவில்லை, ஒருவருடைய ரோஷத்தால் பிழைத்தது. சான் ஹோசே புகைப்படக்காரர் ஆண்ட்ரூ ஹில் 1900இல், ஓர் ஆங்கிலேயப் பத்திரிகைக்காக பெல்டன் அருகே ரெட்வுட் தோப்பைப் படம் பிடித்தார். (மலையில் பரவிய காட்டுத்தீயை ஒயின் ஊற்றி அணைத்த செய்திக்கான படங்கள். தண்ணீருக்குப் பஞ்சம், ஒயினுக்கு இல்லை.) தோப்பின் உரிமையாளர் படத்தகடுகளைக் கேட்டு மிரட்டினார். இந்த மரங்கள் ஒருவன் சொத்தாக இருக்கலாமா என்று ஹில் கொதித்துப்போனார். அதே ஆண்டு மே மாதம் பிக் பேசினுக்குள் முகாமிட்டு, ரெட்வுட் மரங்களைக் காக்கச் செம்பர்வைரன்ஸ் சங்கத்தைத் தொடங்கினார்கள். முதல் வசூல் 32 டாலர். அடுத்த ஆண்டே சட்டமன்றம் 2,50,000 டாலர் ஒதுக்கியது. 1902இல் 3,800 ஏக்கர் மாநிலத்துக்கு வந்தது. சான் ஹோசேயில் ஹில் பெயரில் ஒரு உயர்நிலைப் பள்ளி இருக்கிறது. அந்த வழியாகத் தினமும் வேலைக்குப் போகும் நம்மவர்களில் எத்தனை பேருக்கு இந்தக் கதை தெரியும்?

எல்லாரும் ஹில்லைப் போல இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 1918இல் ரெட்வுட் பாதுகாப்புக் கழகத்தை நிறுவியவர்களில் ஒருவரான மேடிசன் கிராண்ட், வெள்ளை இனம்தான் உயர்ந்தது என்று புத்தகம் எழுதியவர். மரத்துக்குக் காட்டிய இரக்கத்தைச் சக மனிதனுக்குக் காட்டாதவர். அந்தக் கழகமே 2020இல் இதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டது.

பூங்காக்கள் ஆங்காங்கே முளைத்தாலும், அவற்றை ஒரே குடையின் கீழ் கொண்டுவரும் ஆணையம் 1927இல்தான் வந்தது. மறு ஆண்டு நவம்பரில் 60 லட்சம் டாலர் கடன் பத்திரத்துக்கு மக்கள் வாக்களித்தார்கள். எதிர்த்தவர் ஒருவர் என்றால் ஆதரித்தவர் ஏறக்குறைய மூவர். மாநிலம் பாதி, தனியார் நன்கொடை பாதி என்று நிபந்தனையும் இருந்தது. லிங்கனின் கையெழுத்தைவிட இந்த வாக்குச்சீட்டுதான் பெரிய விஷயம் என்பேன். தன் பணம் போகும் என்று தெரிந்தே குத்திய முத்திரை அது.

அந்தப் பணத்தை எங்கே செலவிடுவது என்று மாநிலம் முழுக்க ஆராய்ந்து பட்டியல் கொடுத்தவரின் பெயரும் பிரடெரிக் லா ஓம்ஸ்டெட். மகன். அப்பாவின் அறிக்கை காணாமல் போனபோது பிறந்திருக்கவே இல்லை. அது தேடிக் கண்டெடுக்கப்பட்டு 1952இல் அச்சானபோது அவருக்கு 82 வயது.