ஒல்லியானவர்களையும் கொழுப்பு விடாது: ஈஸ்ட் சொல்லும் சாட்சி

ஆள் மெலிந்திருந்தால் சீனி வருத்தம் (நீரிழிவு) வராது, ஈரலில் கொழுப்புப் படியாது என்று மலையகத்தில் நிறையப் பேர் உறுதியாக நம்புகிறோம். "விடியக்காலையில மலைக்குப் போய் பொழுதுபட வீடு வர்ற உடம்பு, இதுல எங்க கொழுப்பு?" என்பார்கள். கிளினிக்குக்குப் போகச் சொன்னால், பருத்த உடம்புள்ள பக்கத்து லயத்து அக்காவைக் கைகாட்டுவார்கள். இது ஆபத்தான நம்பிக்கை. இதற்கு எதிராக நான் கூப்பிடும் முதல் சாட்சி ஈஸ்ட். பேக்கரியில் பாண் மா பொங்கப் போடுகிறார்களே, அதேதான்.

உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கிறவன் என்பதால் இதைக் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன்.

ஈஸ்ட் ஒற்றைக் கலம்தான் (செல்). ஆனால் பாக்டீரியா மாதிரி இல்லை. நம் கலங்களைப் போல அதற்குக் கரு இருக்கிறது, சக்தி தயாரிக்கும் இழைமணி இருக்கிறது, கொழுப்பைச் சேமிக்கும் சின்னச் சின்னத் துளிகளும் இருக்கின்றன. கரு உள்ள உயிர்களில் முதன்முதலில் மரபணுத் தொகுதி முழுவதும் வாசிக்கப்பட்டது இதற்குத்தான், 1996இல். சுமார் 6,000 மரபணுக்கள். வசதியான சூழலில் ஒன்றரை மணித்தியாலத்தில் ஒன்று இரண்டாகிவிடும். ஒரு மரபணுவை எடுத்துவிட்டு என்ன நடக்கிறது என்று பார்க்க இதைவிடத் தோதான உயிர் கிடைப்பது கஷ்டம்.

அப்படி எடுத்துப் பார்த்ததில் வந்த ஒரு முடிவுதான் என்னை இந்தப் பதிவை எழுத வைத்தது. ஈஸ்டில் கொழுப்புத் துளியை உருவாக்க நான்கு மரபணுக்கள் வேண்டும்: டிஜிஏ1, எல்ஆர்ஓ1, ஏஆர்இ1, ஏஆர்இ2. நான்கையும் நீக்கினால் அந்தக் கலத்தில் ஒரு துளிக் கொழுப்புகூடச் சேராது. நம் பேச்சில் சொன்னால், ஒல்லியிலும் ஒல்லியான ஈஸ்ட். சாதாரணச் சாப்பாட்டில் அது பிழையில்லாமல் வளர்கிறது. அப்புறம் அதற்கு ஒலியிக் அமிலம் கொடுக்கிறார்கள். ஒலிவ் எண்ணெயில் அதிகம் இருப்பது இதுதான், 'நல்ல கொழுப்பு' என்று பெயர் வாங்கியது. சாதாரண ஈஸ்ட் அதை வாங்கித் துளிகளில் பூட்டி வைத்துக்கொண்டு தன் பாட்டுக்கு வளர்கிறது. துளியே இல்லாத ஈஸ்டால் அது முடிவதில்லை. வளர்ச்சி நிற்கிறது, கலங்கள் சாகின்றன.

கொழுப்பைச் சேர்த்து வைத்த கலம் பிழைத்தது, சேர்க்க இடமில்லாத கலம் செத்தது. நிதானமாக யோசிக்க வேண்டிய விஷயம் இது. கொழுப்பமிலம் துளிக்குள் மூன்று மூன்றாகக் கட்டுண்டு கிடக்கும் வரை பெரிய தொந்தரவு இல்லை. கட்டவிழ்ந்து கலத்துக்குள் அலையும்போதுதான் அது சவ்வுகளைக் கெடுக்கிறது. பறித்த கொழுந்தை வாட்டுவதற்குத் தட்டில் இடமில்லாமல் சாக்கிலேயே அடைத்து வைத்தால் சூடேறிச் சிவந்து பாழாகுமே, அதுபோல. கொழுந்தில் குற்றமில்லை, போய்ச் சேர இடம் இல்லாததுதான் கேடு.

எல்லாக் கொழுப்பும் ஒரே விதமாகத் தாக்குவதும் இல்லை. பாம் எண்ணெயில் நிறைய இருக்கும் பாமிடிக் அமிலம் 'நிரம்பிய கொழுப்பு' என்னும் வகை. அது அளவுக்கு மிஞ்சிச் சவ்வுகளில் சேர்ந்தால் அவை விறைத்துப்போகும். புரதம் மடிக்கப்படும் அகமுதலுரு வலையில் நெருக்கடி வரும். அந்த நெருக்கடியை உணர்ந்து அபாய மணி அடிக்கும் ஐஆர்இ1 என்ற புரதத்தை 1993இல் கண்டுபிடித்ததும் ஈஸ்டில்தான். நம் கலங்களிலும் அதே புரதம் இருக்கிறது.

சரி, ஈஸ்டுக்கு ஈரல் இல்லை, இரத்தம் இல்லை, இன்சுலின் இல்லை. அது மனித நோயை முழுதாகக் காட்டாது. ஆனால் ஒரு கலத்துக்குள் கொழுப்பு என்ன செய்யும் என்பதைக் காட்டும். மனிதரிலும் இதே கதை நடக்கிறது என்பதற்கு ஓர் அரிய பரம்பரை நோய் சாட்சி. செய்பின் என்ற புரதத்தின் மரபணு பழுதானவர்களுக்குத் தோலுக்கடியில் கொழுப்பே அநேகமாக இருக்காது. பிறந்ததிலிருந்தே நரம்பும் தசையும் தெரியும் உடம்பு. நம் கணக்கின்படி நோய் அண்டவே கூடாத ஆட்கள். ஆனால் அவர்களுக்குத்தான் ஈரல் கொழுப்பால் வீங்குகிறது, இரத்தத்தில் கொழுப்பு எகிறுகிறது, இளவயதிலேயே நீரிழிவும் பிடிக்கிறது. இதே புரதத்தின் உறவு ஈஸ்டிலும் உண்டு. அதை நீக்கினால் துளிகள் கோணல்மாணலாகின்றன; மனிதச் செய்பின் மரபணுவைக் கொண்டுபோய் வைத்தால் திரும்பவும் ஒழுங்காகின்றன. பாண் ஈஸ்டும் மனிதனும் இவ்வளவு நெருங்கிய சொந்தம் என்பதை ஒவ்வொரு வருடமும் வகுப்பில் சொல்லும்போது எனக்குப் புல்லரிக்கும்.

நம்மில் பெரும்பாலோருக்கு அந்த அரிய நோய் இல்லை. ஆனால் தெற்காசிய உடம்புகளுக்குத் தோலுக்கடியில் கொழுப்பைப் பத்திரமாக வைக்கும் இடம் குறைவு, அதனால் அது சீக்கிரமே வயிற்றுக்குள்ளும் ஈரலுக்குள்ளும் வழிகிறது என்பது ஆய்வாளர்கள் பலர் முன்வைக்கும் விளக்கம். ஆசியர்களுக்கு உடல் நிறைச் சுட்டெண் (உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் BMI) 23ஐத் தாண்டும்போதே கவனம் வேண்டும் என்று 2004இல் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு சொன்னது. பொதுவாகச் சொல்லப்படும் எல்லை 25.

"நான் எண்ணெயே தொடுறதில்ல" என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஈஸ்டுக்கு வெறும் சீனியை மட்டும் கொடுத்தாலும் அது கொழுப்பைத் தயாரித்துவிடும். நம் ஈரலும் அப்படித்தான். மூன்று நேரமும் கோதுமை மா ரொட்டியும் சோறும், நடுவில் சீனி அள்ளிப் போட்ட தேத்தண்ணியும் என்று போனால், செலவழியாத மிச்சம் ஈரலில் கொழுப்பாகிறது. தோட்டத்தில் மரக்கறி விளைவித்து லொறி ஏற்றி அனுப்பிவிட்டு, வீட்டில் சம்பலோடு ரொட்டி சாப்பிடும் குடும்பங்களை எனக்குத் தெரியும். இதற்கு அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. சம்பளம் அந்த அளவுக்குத்தான் விடுகிறது.

ஆனால் பரிசோதனை விஷயத்தில் நாம் செய்யக்கூடியது இருக்கிறது. திருவிழாக் காலத்திலும் மே தினத்திலும் மருத்துவ முகாம் வைக்கும் இளைஞர் மன்றத் தம்பி தங்கைகளே, பருமனான ஆட்களை மட்டும் வரிசைக்கு இழுக்காதீர்கள். மெலிந்த கங்காணி ஐயாவையும், கொழுந்தெடுக்கும் அக்காமாரையும் கூப்பிட்டு விரலில் குத்திப் பாருங்கள். தராசோடு ஒரு தையல் டேப்பையும் கொண்டு போங்கள். தெற்காசிய ஆண்களுக்கு இடுப்பளவு 90 சென்ரிமீற்றரையோ பெண்களுக்கு 80ஐயோ எட்டினால், கையும் காலும் குச்சியாக இருந்தாலும், வெறும் வயிற்றில் சீனியும் இரத்தக் கொழுப்பும் பார்க்க அரசாங்க ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள். அன்றைய பேர் (நாள் சம்பளம்) போய்விடும் என்று தயங்குகிறவர்களோடு ஆள் ஒருவர் சேர்ந்து போங்கள்.