“ஒண்டும் நடக்கேல்ல தம்பி”

கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதியோரக் கடையொன்றில் இடியப்பப் பார்சல் வாங்குவதற்காக ஏழே நிமிடங்கள் உள்ளே நின்ற குற்றத்துக்காக, இன்று மாலை என் சைக்கிள் மண் கவ்வியது. ஸ்கூட்டரைப் பின்னால் எடுத்த கனவான் ஒருவர் அதை விழுத்திவிட்டார். விழுத்தியதற்காக நான் கொதிக்கவில்லை. நான் ஓடி வருவதற்குள் அதைத் தூக்கிச் சுவரில் சாத்திவிட்டு, கையைத் தட்டிக்கொண்டு, “ஒண்டும் நடக்கேல்ல தம்பி, சைக்கிள்தானே” என்று தீர்ப்பும் வழங்கிவிட்டாரே, அதற்குத்தான் கொதிக்கிறேன்.

எந்தப் பக்கமாக விழுந்தது என்று கேட்டேன். “பக்கமோ?” என்றார்.

ஆம் ஐயா, பக்கம்தான்! இடப்பக்கம் விழுந்திருந்தால் பெடலையும் ஹாண்டிலையும் பார்த்துவிட்டுப் போய்விடலாம். வலப்பக்கம் விழுந்திருந்தால் அடி பின் கியருக்கு. அதைத் தாங்கும் சிறிய அலுமினியத் துண்டு, சட்டத்தைக் காப்பதற்காகத் தான் வளைந்துகொடுக்கும்படியே செய்யப்பட்டது. அது வளைந்திருப்பது தெரியாமல், மேட்டில் ஏறும்போது ஆகப் பெரிய பற்சக்கரத்துக்கு மாற்றினால், கியர் சில்லுக் கம்பிகளுக்குள் புகுந்து, சில்லையும் என்னையும் ஒருங்கே நிறுத்திவிடும். சாட்சியத்தைத் தூக்கி நிமிர்த்திவிட்ட அவருக்கோ எதுவும் நினைவில்லை.

ஆகவே நடைபாதையிலேயே குந்தினேன். பின்சில்லைத் தூக்கிச் சுழற்றி, ரிம் எந்த இடத்திலாவது பிறேக் கட்டையில் உரசுகிறதா என்று பார்த்தேன். பின்னால் போய் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு, கியரின் இரண்டு சிறு உருளைகளும் பற்சக்கரத்துக்கு நேராக நிற்கின்றனவா என்று பார்த்தேன். சட்டத்தில் வெடிப்பு இருக்கிறதா என்று விரலால் தடவினேன். விற்கப் போகிறீர்களா என்று ஒருவர் விலை கேட்டார். கனவானோ அவ்வளவு நேரமும் தன் ஸ்கூட்டர் கண்ணாடியில் விழுந்த மயிரிழைக் கீறலைக் கைக்குட்டையால் துடைத்துத் துடைத்து உருகிக்கொண்டிருந்தார். அங்கே மட்டும் ஏதோ நடந்திருந்தது போலும்.

2022 இல் பெற்றோலுக்கு நாட்கணக்கில் வரிசையில் நின்றபோது இந்த ஊரில் எவரும் “சைக்கிள்தானே” என்று சொன்னதாக எனக்கு ஞாபகமில்லை.

இறுதியில் ஒரே ஒரு குறைதான் அகப்பட்டது: ஹாண்டில் சற்று இடப்பக்கம் திரும்பியிருந்தது. அவரைச் சுட்டெரிப்பது போல் பார்த்துவிட்டு, முன்சில்லை முழங்கால்களுக்கிடையில் இறுக்கிக்கொண்டு, அதைத் திருகி நேராக்கினேன். வீடு வரும்வரை சைக்கிள் இடப்பக்கமே இழுத்தது. பம்பலப்பிட்டி தாண்டும்போதுதான், அந்த ஹாண்டில் நான் வாங்கிய நாளிலிருந்தே அப்படித்தான் இருந்ததோ என்ற சந்தேகம் எழுந்தது. ஆறிப்போன இடியப்பத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு தனியே சிரித்துக்கொண்டிருக்கிறேன். சம்பல் முழுவதும் பைக்குள் கொட்டிக் கிடக்கிறது.